இகோவேயும் காட்டு இஞ்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்பதில் பாதி இரண்டே பொருளைப் பற்றியது. ஒன்று, கோடை மழையில் சாலையோரம் விற்கும் இகோவேக் காளான். மற்றது, மூலிகைச் சந்தையில் விற்கும் காட்டு இஞ்சி. "ரெண்டும் காட்டுல வர்றதுதானே, ஒண்ணை வாங்கினா சும்மா இருக்கீங்க, இன்னொண்ணை வாங்கினா ஏன் முறைக்கிறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

இகோவே என்பது எந்தக் காளான்?

தமிழ்நாட்டில் புற்றுக்காளான் என்பார்களே, அதே இனத்தைச் சேர்ந்தது. ஜூலு மொழியில் ஒன்று என்றால் இகோவே, பல என்றால் அமாகோவே. நம் வீடுகளில் முன்னும் பின்னும் பார்க்காமல் 'கோவே' என்போம். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கோவைக்காய்க் கறி என்று நினைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருந்தார்.

அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசெஸ் உம்கோவான். முதல் சொல்லில் கறையானும் பூஞ்சையும் இருக்கின்றன. இரண்டாவது சொல் வேறொன்றுமில்லை, வெள்ளைக்காரர் காதில் விழுந்த 'இகோவே'தான். குடை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, சுமார் 25 சென்டிமீட்டர் வரை விரியும். நடுவில் ஒரு சின்ன முண்டு, அடியில் கீழே இறங்கிப் போகும் நீளமான வேர் போன்ற காம்பு. இதன் உறவினம் ஒன்று ஜாம்பியாவில் உண்டு, அதன் குடை 1 மீட்டர் வரை போகும். மழைக்கு ஒதுங்கலாம்.

காட்டு இஞ்சி நம் சமையல் இஞ்சியேதானா?

இல்லை, ஆனால் ஒரே குடும்பம். இஞ்சி, மஞ்சள், ஏலம், சித்தரத்தை, கச்சோலம் எல்லாம் இருக்கும் அந்தக் குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளை. பெயர் சைஃபோனோகைலஸ் எதியோப்பிகஸ். ஜூலுவில் இண்டுங்குலோ, இசிபெபெதோ என்று இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. கிழங்கு சிறியது, கூம்பு போல இருக்கும். அதிலிருந்து விரல் விரலாகச் சதைப்பற்றான வேர்கள் இறங்கும். கிள்ளினால் இஞ்சியும் கற்பூரமும் கலந்தாற்போல் ஒரு வாசம்.

பூவைத்தான் பார்க்கவேண்டும். பனிக்காலத்தில் செடி மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். கோடை தொடங்கும்போது இலை வருவதற்கு முன்பே, அல்லது இலையோடு சேர்ந்து, தரையை ஒட்டிப் பூ வரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, தொண்டையில் மஞ்சள் திட்டோடு, மண்ணில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். சில செடிகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்த பூ, சில செடிகளில் பெண் பூ மட்டும். பெண் பூ அளவில் சிறியது. காயும் மண் மட்டத்திலேயே, பாதி புதைந்து, ஒளிந்துகொண்டு கிடக்கும்.

காளானும் ஒரு வகைச் செடிதானே?

பள்ளியில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1969இல் விட்டேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து பேரரசுகளாகப் பிரித்தபோது காளானும் சேர்ந்த பூஞ்சைக்குத் தனி இடம் கொடுத்தார். அதன் பிறகு மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் இன்னும் வேடிக்கை. பூஞ்சைக்குச் செடியைவிட விலங்கோடுதான் நெருங்கிய உறவு. செடியின் செல்சுவர் செல்லுலோசால் ஆனது. பூஞ்சையின் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். செடி மாவுச்சத்தைச் சேமிக்கும், பூஞ்சை நம் ஈரலைப்போல கிளைக்கோஜனைச் சேமிக்கும். காட்டு இஞ்சி வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிறது. இகோவேக்கு அந்தத் திறமை கிடையாது. யாராவது சோறு போடவேண்டும்.

அப்படியானால் தைப்பூச விரதத்தில் கோவே சாப்பிடலாமா?

காவடி எடுக்கும் நாட்கள் இங்கே கோடை, கோவேயும் அப்போதுதான் வருகிறது, அதனால் வருடா வருடம் இந்தக் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஆயா தொடமாட்டார், "கோழி வாசம் அடிக்குது" என்பார். அறிவியல் ஆயாவின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு தீர்ப்பு இல்லை.

யார் அதற்குச் சோறு போடுகிறார்கள்?

கறையான்கள். இதைச் சொல்ல எனக்கு அலுப்பே தட்டாது.

புற்றுக்குள் கறையான்கள் விவசாயம் செய்கின்றன. காய்ந்த புல், சருகு, செத்த மரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வந்து, பாதி மட்டுமே செரித்த கழிவை அடுக்கி, பஞ்சு போன்ற தட்டுகளைக் கட்டும். தின்ற சருகோடு பூஞ்சையின் வித்துகளும் வயிற்றின் வழியாக வந்து அந்தத் தட்டில் இறங்கும். அங்கே பூஞ்சை படர்ந்து, கறையானால் செரிக்க முடியாத கட்டைப் பகுதியைச் செரித்துக்கொடுக்கும். தட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகச் சவ்வரிசி போன்ற முடிச்சுகள் தோன்றும். இளம் வேலைக்காரக் கறையான்கள் தின்பது அவற்றை. பழைய தட்டைப் பெரிய கறையான்கள் தின்று தீர்க்கும், மேலே புதுத் தட்டு ஏறும். வெளியே பனியானாலும் வெயிலானாலும் உள்ளே ஏறக்குறைய 30 பாகை வெப்பம், எப்போதும் ஈரம். இந்த ஏற்பாடு ஆப்பிரிக்கக் காடுகளில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1860இல் இந்தியாவிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் இங்கே வந்து கரும்பு நட்ட நம் முன்னோரைப் பெரிய விவசாயிகள் என்று நாம் பெருமைப்படுகிறோம். காலடியில் இருந்தவை சிரித்திருக்கும்.

மழை நன்றாகப் பெய்த பிறகு, தட்டிலிருந்து ஒரு காம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கும். சாலையோரம் நாம் வாங்குவது அந்தக் குடையை. தோட்டம் கீழேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈசல் பறந்துபோய்ப் புதுப் புற்று வைக்கிறதே, பெரும்பாலான இனங்களில் அது பூஞ்சையைக் கையோடு எடுத்துப் போவதில்லை. புதுப் புற்றின் முதல் வேலைக்காரர்கள் வெளியே வந்து, சருகில் விழுந்து கிடக்கும் வித்துகளைப் பொறுக்கிக்கொண்டு போகவேண்டும். காளான் குடை விரிப்பது அதற்காகத்தான்.

இரண்டில் எது அழிந்துவருகிறது?

காட்டு இஞ்சி. நிறையப் பேர் காளான் என்றுதான் நினைக்கிறார்கள், நினைப்பதும் நியாயம். காளான் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் முகம் காட்டும், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. காட்டு இஞ்சியோ சந்தையில் தேடினால் கிடைக்கும். கண்ணுக்கு அடிக்கடி படுவது நிறைய இருக்கிறது, எப்போதாவது படுவது குறைவாக இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

நிலைமை நேர்மாறு. எந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் தென்னாப்பிரிக்கச் சிவப்புப் பட்டியலில் காட்டு இஞ்சி 'மிக அருகிய' இனம். அதற்கு மேல் போனால் காட்டில் இல்லை என்ற நிலைதான். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நிலையும் வந்துவிட்டது. இங்கே அது காட்டில் அற்றுப்போய் நெடுங்காலமாகிறது என்றே கருதுகிறார்கள். நாட்டுக்குள் மிச்சமிருப்பது வடக்கே, மபுமலாங்காவிலும் லிம்போபோவிலும். செனகல் முதல் எத்தியோப்பியா வரை வேறு நாடுகளில் இந்தச் செடி பரவிக் கிடக்கிறது என்பது உண்மைதான். "அங்கே இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள். கோதுமை வயல் கனடாவில் இருந்தால் நம் வீட்டில் ரொட்டி வெந்துவிடுமா?

வாழிடம் போனதும் ஒரு காரணம்தான், கரும்பும் வீடுகளும் எடுத்துக்கொண்ட நிலம் கொஞ்சமல்ல. ஆனால் இந்தச் செடியைப் பொறுத்தவரை முக்கியக் காரணம் மண்வெட்டி. இருமல், சளி, ஆஸ்துமா, தலைவலி, மாதவிலக்கு வலி எல்லாவற்றுக்கும் ஜூலு வைத்தியர்கள் இந்தக் கிழங்கைக் கொடுக்கிறார்கள். இடியும் பாம்பும் அண்டாது என்று வீட்டில் வைப்பவர்களும் உண்டு. தேவை அதிகம், செடியோ மெதுவாகப் பெருகும்.

காட்டில் இல்லை என்கிறீர்கள், வார்விக் சந்தையில் எப்படிக் கிடைக்கிறது?

இங்கே காட்டில் இல்லாததால்தான் அங்கே கிடைப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும். வார்விக் சந்திப்பில், மேம்பாலத்தின் மேல், மூலிகை விற்கும் அம்மாக்கள் பாயில் பரப்பி வைத்திருப்பார்கள்: மரப்பட்டை, வெங்காயம் போன்ற பெரிய கிழங்குகள், உலர்ந்த வேர். காட்டு இஞ்சி சின்னக் குவியலாக ஓரத்தில் இருக்கும். மற்றவற்றைவிடச் சின்னக் குவியல், பெரிய விலை. நம் மாகாணக் காட்டில் இல்லையென்றால் ஒன்று யாரோ வளர்த்திருக்க வேண்டும், அல்லது வடக்கே, எல்லைக்கு அப்பால்கூட, தோண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

விற்கிறவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பாயில் நாள் முழுக்க உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். நம் பாட்டன்மாரும் இந்த நகரத்தில் கூடையில் காய்கறி சுமந்து விற்றவர்கள்தான்.

காளானைப் பறிப்பதும் கிழங்கைத் தோண்டுவதும் ஒன்றுதானே?

மாங்காய் பறிப்பதும் மாமரத்தை வேரோடு பிடுங்குவதும் ஒன்றா?

இகோவேயின் குடை ஒரு பழம் மாதிரி. பறித்தாலும் பூஞ்சை புற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது, கறையான்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கின்றன. காட்டு இஞ்சியில் நாம் கேட்பதே கிழங்கை. கிழங்குதான் செடி. அதை எடுத்தால் அடுத்த கோடையில் இலை இல்லை, பூ இல்லை, விதை இல்லை.

காளான் பறிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். முற்றிய குடை இரண்டை விட்டுவிட்டுப் பறியுங்கள். ஈசல்களின் பிள்ளைகள் வித்து தேடி வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா?

காளானுக்கு ஆபத்தே கிடையாதா?

கறையானுக்கு ஆபத்து வந்தால் காளானுக்கும் வந்த மாதிரிதான். கறையான் மருந்து அடிக்கிற தோட்டத்தில், புற்றை இடித்துச் சமன் செய்த மனையில் இகோவே வராது.

பொதுவாகவே பூஞ்சைகளை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதுதான் பெரிய குறை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச்சில்தான் பூஞ்சைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி 1,300 ஆனது. அவற்றில் 411 ஆபத்தில் இருப்பவை. அறிவியல் பெயர் வைத்த பூஞ்சைகளே ஒன்றரை லட்சத்துக்கு மேல், உலகில் இருப்பவை 25 லட்சம் இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே 'பட்டியலில் இல்லை' என்பதை 'பத்திரமாக இருக்கிறது' என்று படிக்காதீர்கள்.

நச்சுக் காளானிலிருந்து இகோவேயை எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பதிலைப் படித்துவிட்டு மட்டும் காளான் பறிக்கப் போகவேண்டாம். தெரிந்தவரோடு இரண்டு மூன்று பருவம் போய்ப் பழகிய பிறகு பறியுங்கள், அதுவரை வாங்கிச் சாப்பிடுங்கள்.

எங்கள் சித்தப்பா ஒரு பள்ளிக்கூடப் புல்தரையில் வெள்ளை வெளேரென்று வட்டமாக நின்ற காளானைப் பறித்து வந்தார். பார்க்க இகோவேக்கு அண்ணன் தம்பி மாதிரி. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் முன்பே வாந்தி ஆரம்பித்தது. விடியும்வரை நான்கு பேர் ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றோம். அது பச்சைச் செவுள் காளான், குளோரோஃபில்லம் மோலிப்டைட்ஸ். டர்பன் புல்தரைகளில் சர்வசாதாரணம்.

அதன் காம்பில் ஒரு வளையம் இருக்கும், முற்றும்போது குடைக்கு அடியில் பச்சை படரும், வித்துத் தூளும் பச்சை. இகோவேயின் வித்துத் தூள் இளஞ்சிவப்பு, காம்பு வேராக நீண்டு மண்ணுக்குள் போகும், பிடுங்கினால் எளிதில் வராது. வெள்ளைத் தாளில் குடையைக் கவிழ்த்து இரவு முழுக்க மூடிவைத்தால் காலையில் தூளின் நிறம் தெரியும்.

இதைவிடப் பயங்கரமானது ஓக் மரத்தடியில் வரும் மரணத்தொப்பிக் காளான். அதில் ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். நடுவில் தேறியதுபோலக் காட்டி ஈரலைக் கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டையும் வீட்டில் வளர்க்கலாமா?

இகோவேயை முடியாது. சிப்பிக்காளானைப்போல வைக்கோல் பையில் வளர்க்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். கறையான் இல்லாமல் குடை வருவதில்லை.

காட்டு இஞ்சி தாராளமாக வளரும், வளர்க்கவும் வேண்டும். நாற்றங்காலில் வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். நம் சாட்ஸ்வர்த்தை ஒட்டிய சில்வர்கிளென் காப்பகத்தில் மாநகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. காட்டில் தோண்டாமல் வைத்தியர்களுக்கு மூலிகை கிடைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு தடவைகூடப் போகாதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மக்கிய எரு நிறைய, நீர் தேங்காத மண், அரை நிழல். கோடையில் தண்ணீர், பனிக்காலத்தில் ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். என் முதல் செடி மே மாதம் மஞ்சளாகி, ஜூனில் ஒரு இலைகூட இல்லாமல் போனது. செத்துவிட்டது என்று தொட்டியைக் குப்பைமேட்டில் கொட்டினேன். நவம்பரில் அந்தக் குப்பைமேட்டில், முட்டை ஓட்டுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே, இளஞ்சிவப்பாக ஒரு பூ விரிந்திருந்தது. அதை எடுத்துத் திரும்ப நட்டபோது கை நடுங்கியது. இப்போது ஐந்து தொட்டி.

கோவேக் கறிக்கு உங்கள் பக்குவம்?

காம்பின் அடியில் செம்மண் அப்பியிருக்கும், கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். குடையின் மேல்தோல் வழவழப்பாக இருந்தால் உரிக்கலாம். வெட்டாமல் கையால் நாராகக் கிழியுங்கள், அப்போதுதான் மசாலா பிடிக்கும். எண்ணெயில் சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, நம் டர்பன் மசாலா, நன்றாகக் கரைந்த தக்காளி. காளான் தானே தண்ணீர் விடும், மேலே ஊற்றவேண்டாம். இறக்கும்போது டானியா, அதாவது கொத்தமல்லி. ரொட்டியோடு, அல்லது ஜூலுக்காரர்கள் சோளமாவில் கிண்டும் 'பூட்டு'வோடு. உருளைக்கிழங்கு போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இருமலுக்குக் காட்டு இஞ்சி சாப்பிடலாமா?

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் இருமலுக்கு நாங்கள் போடுவது கடை இஞ்சியும் மிளகும் தேனும்தான். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கேட்காமல் எந்தக் காட்டுக் கிழங்கையும் தொடவேண்டாம்.

காளான் போலவே இருக்கும் பூச்செடி ஒன்று உண்டாமே?

உண்டு, இந்த நாட்டிலேயே. ஹைட்னோரா ஆப்பிரிக்கானா. மேற்கே, வறண்ட நிலத்தில், கள்ளி வகைச் செடிகளின் வேரை உறிஞ்சி மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது. இலை கிடையாது, பச்சையம் கிடையாது. பூ மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு வாயைத் திறக்கும், அழுகல் நாற்றத்தோடு. 1775இல் அதை முதலில் எழுதிவைத்த ஸ்வீடன் அறிஞர் துன்பெரியே அதைப் பூஞ்சை என்றுதான் எழுதினார். அவருக்கே அப்படி என்றால், காளானைச் செடி என்று சொல்கிற நம்மவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

தோட்டத்தில் கறையான் புற்று வந்தால் இடிக்கலாமா?

வீட்டுச் சுவரை ஒட்டி வந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மரக்கூரை உள்ளவர்கள் அலட்சியமாக இருக்கமுடியாது. வேலியோரம் வந்தால் விட்டுவிடுங்கள். பாலூற்றிக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி. எங்கள் வீட்டில் கொய்யா மரத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் ஒன்றுமே வரவில்லை. போன ஜனவரியில் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு மூன்று குடை வந்தது. ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன், ஒன்று கறியானது, மூன்றாவது அங்கேயே நின்று வாடியது.